வால்வெள்ளிக்கு மூன்று தகடுகள்

உட்கார்ந்தால் என் கால் ஆடும். சாப்பாட்டு மேசையில், பஸ்ஸில், பூசையில், பரீட்சை மண்டபத்தில், எங்கே இருத்தினாலும் வலது முழங்கால் தன்பாட்டில் துள்ளிக்கொண்டிருக்கும். "காலை ஆட்டாதையடா, வீட்டுக்குக் கூடாது" என்று அக்கா சொல்லாத நாள் இல்லை. வீட்டுக்கு வந்த கூடாததுகளில் என் கால் கொண்டுவந்தது எது, நாடு கொண்டுவந்தது எது என்று பிரித்துப் பார்க்க அந்த வருடங்களில் வழியிருக்கவில்லை.

யுத்தத்தின் கடைசி வருடங்கள் அவை. வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடியின் இரண்டாம் மாடியில் அக்காவும் நானும் இருந்தோம். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபின், அத்தான் கட்டாரில் உழைத்து அனுப்பியதில் இந்த வீட்டுக்கு வந்தோம். அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அவளுக்குப் பிள்ளை இல்லை என்ற குறையை நான் தீர்த்துவைத்தேன் என்று மற்றவர்கள் சொல்வார்கள். எனக்கென்னவோ நான் அந்தக் குறையைக் கூட்டியதாகத்தான் படும்.

இலக்கத்தகடு இல்லாத வான்களில் இளம் பெடியன்களை ஏற்றிக்கொண்டு போன காலம். ஒழுங்கையில் ஒரு வாகனம் வேகத்தைக் குறைத்தால் போதும், அக்காவின் கை செய்துகொண்டிருந்த வேலையில் அப்படியே நிற்கும். வெங்காயத்தில் பாதி வெட்டிய கத்தி பாதியிலேயே இருக்கும். அந்த வாகனம் தாண்டிப் போன பிறகுதான் மிச்சம் வெட்டுப்படும். படுக்கைக்குப் போவதையே அவள் விட்டுவிட்டாள். வாசல் கதவுக்குக் கிட்ட ஒரு பிரம்புக் கதிரையைப் போட்டு, அதில் இருந்தபடியே கண்ணை மூடித் திறப்பாள். "உன்னை எப்படியும் வெளியில அனுப்பிப்போட்டுத்தான் நான் காலை நீட்டிப் படுப்பன்" என்பாள். வெளியில் என்றால் வெளிநாடு. வேறு எந்த வெளியும் அந்த வீட்டில் பேச்சில் இல்லை.

வெளியில் போவதற்கு எனக்கிருந்த ஒரே வழி மெல்லிய தகடுகள் மூன்று.

களனி ஆற்றுக்குக் கிட்ட இருந்த ஓர் ஆய்வுகூடத்தில் நான் ஆராய்ச்சி மாணவன். மெல்லிய பொருட்களில் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று அளப்பது வேலை. கேட்பவர்களுக்கு இதைச் சொன்னால், "அதுக்கு ஒரு படிப்பா?" என்று முகம் போகும். அக்காவும் ஒருகாலத்தில் அப்படித்தான் கேட்டாள். பிறகு வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் நான் எழுதிய ஒரு சிறு கட்டுரையைப் பார்த்துவிட்டு, மூன்று தகடுகளைத் தபாலில் அனுப்பினார். அன்றிலிருந்து அக்காவுக்கு வெப்பத்தில் பக்தி வந்துவிட்டது.

தகடுகள் மூன்றும் பார்வைக்கு ஒன்று போலவே இருந்தன. செம்பு நிறம், ஒரு விரல் அகலம், ஒரு சாண் நீளம், கடதாசி மாதிரி மெல்லிசு. ஆனால் மூன்றிலும் செம்போடு கலந்திருந்தது வேறு வேறு. எதில் வெப்பம் என்ன வேகத்தில் பரவுகிறது என்று நான் அளந்து சொல்ல வேண்டும். சரியான விடை அவரிடம் இருந்தது. என் விடை அதோடு ஒத்துப்போனால் தன்னிடம் எடுத்துக்கொள்வதாக எழுதியிருந்தார். புதுவருடம் பிறக்குமுன் விடை வேண்டும் என்றும் எழுதியிருந்தார்.

அளக்கும் விதம் சுலபம். தகட்டை நிமிர்த்திக் கட்டி, ஒரு முனையில் விளக்கை எரியவிட்டு அணைத்து, எரியவிட்டு அணைத்துக்கொண்டிருக்க வேண்டும். சுடுவதும் ஆறுவதுமாக அந்த வெப்பம் அலை அலையாகத் தகட்டில் நடந்துபோகும். போகப் போக அலை தளரும், பிந்தும். எவ்வளவு தளர்கிறது, எவ்வளவு பிந்துகிறது என்று தெரிந்தால் மிச்சம் கணக்குத்தான். அந்த அலையைத் தொடாமல் பார்க்க வெப்பத்தைப் படம்பிடிக்கும் காமரா வேண்டும். கறுப்பில் தொடங்கி ஊதா, சிவப்பு, மஞ்சள் என்று சூட்டை நிறமாக்கிக் காட்டும் காமரா அது.

எங்களிடம் அது இல்லை. ஒருகொடவத்தையில், குளிரூட்டிய கொள்கலன்களில் குளிர் எங்கே கசிகிறது என்று பார்க்கும் கம்பனி ஒன்றிடம் இருந்தது. என் விரிவுரையாளர், நான் சேர் என்று கூப்பிடுகிறவர், சிங்களவர், அங்கே தன்னோடு படித்த ஒருவரைப் பிடித்து, கிறிஸ்து பிறந்த நாளான நத்தாருக்கு முந்திய ஒரு கிழமைக்கு அதை இரவல் வாங்கினார். வெள்ளிக்கிழமை பின்னேரம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இருட்டில் ஆளைக் காட்டும் சாமான் ஒன்றை என்னைப்போலத் தமிழ்ப் பெயருள்ள ஓர் ஆள் பஸ்ஸில் கொண்டுபோனால் முதலாவது சோதனைச் சாவடியோடு என் ஆராய்ச்சியும் நானும் முடிந்தோம். அதனால் சேரே தன் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். "மல்லி, இதை நீ தொடலாம், தூக்கக் கூடாது" என்று, தம்பியைக் கூப்பிடும் சிங்களச் சொல்லால் என்னைக் கூப்பிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்த பிறகு எனக்கு எரிச்சலாக வந்தது.

மினுங்கும் உலோகம் இந்தக் காமராவுக்கு ஆகாது. மினுக்கம் கண்ணாடி வேலை செய்யும். தன் சூட்டைக் காட்டாமல் அக்கம்பக்கத்துச் சூட்டையெல்லாம் வாங்கித் திருப்பிக் காட்டும். ஆகவே தகட்டுக்குக் கறுப்பு அடிக்க வேண்டும், அதுவும் மிக மெல்லிசாக. தகடே கடதாசி மாதிரி இருக்கும்போது கறுப்புத் தடித்தால் கறுப்பைத்தான் அளந்துகொண்டிருப்போம். ஆய்வுகூடத்தில் மிச்சமிருந்த ஒரேயொரு கறுப்பு ஸ்ப்ரே டின்னைக் கடைசித் துளி வரைக்கும் அடித்தேன். காமரா சொல்வதைச் சரிபார்க்க, சூட்டைத் தொட்டு அளக்கும் முடி போன்ற இரண்டு கம்பிகளை ஒவ்வொரு தகட்டின் முனையிலும் பற்றவைத்தேன். மார்கழி மழைக்கு ஆய்வுகூடத்துக் கூரை ஒழுகியதால், காயட்டும் என்று தகடுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேசையில் மின்விசிறிக்குக் கீழே வைத்தேன். புதன்கிழமை காலையில், காமராவைச் சரிபார்க்கவென்று வெறுங்கையோடு களனிக்குப் போனேன்.

பின்னேரம் திரும்பி வந்தபோது மேசை வெறுமையாக இருந்தது.

அக்கா அடுப்படியில் நின்றாள். வழமைக்கு மாறாக என்னைக் கண்டதும் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

"அக்கா, மேசையில இருந்த சாமான் எங்க?"

"இண்டைக்கு ரவுண்டப்படா. ஆமி, பொலிஸ் எல்லாம் வந்தது. மூண்டாம் மாடியில இருந்து ஒவ்வொரு வீடா இறங்கி வந்தாங்கள்."

"சரி. சாமான் எங்க?"

அவள் விறாந்தைப் பக்கம் கையைக் காட்டினாள். அங்கே எங்கள் பாலன் குடில் இருந்தது. ஒவ்வொரு நத்தாருக்கும் அக்கா வைக்கோலும் பிரவுண் பேப்பரும் வைத்துக் கட்டும் குடில். அதன் உச்சியில் அட்டையில் வெட்டிய நட்சத்திரம் ஒன்று ஒட்டியிருக்கும். அந்த வருடம் அந்த நட்சத்திரத்துக்கு வால் முளைத்திருந்தது. செம்பு நிறத்தில், பளபளவென்று, அழகாக விரிந்த மூன்று வால்கள்.

அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன்.

சுற்றிவளைப்பு என்றால் எங்கள் சனம் செய்யும் முதல் வேலை வீட்டைத் துப்புரவாக்குவதுதான். தூசிக்கு அல்ல. பழைய பற்றரி, வயர்த் துண்டு, வரைபடம், யாரோ எப்போதோ தந்த கலண்டர், ஆமிக்காரன் கையில் எடுத்து "மேக்க மொகத்த?" என்று கேட்கக்கூடிய எதுவும் வீட்டில் இருக்கக்கூடாது. இதென்ன என்று கேட்டால் விளக்கம் சொல்ல வேண்டும். விளக்கம் சொல்லத் தொடங்கினாலே பாதிக் குற்றவாளி. மேல்மாடியில் பூட்ஸ் சத்தம் கேட்டபோது அக்காவின் கண்ணுக்கு முன்னால் கறுப்பு அடித்து, கம்பி வைத்த மூன்று தகடுகள் கிடந்திருக்கின்றன. கம்பிகளைப் பிடுங்கிக் கக்கூசில் போட்டுத் தண்ணீர் அடித்திருக்கிறாள். தகடுகளைப் பழப்புளியும் உப்பும் போட்டு, குத்துவிளக்கு மினுக்குகிற மாதிரி மினுக்கியிருக்கிறாள். ஈரம் துடைத்து நட்சத்திரத்தில் ஒட்டியிருக்கிறாள். ஆமிக்காரன் கதவைத் தட்ட, கையில் புளி மணக்கத் திறந்திருக்கிறாள்.

"வந்த பெடியன் குடிலுக்கு முன்னால நிண்டு சிலுவை போட்டவன்ரா. நீர்கொழும்புப் பக்கத்து ஆள் போல. 'லஸ்ஸனய் நே, அக்கே' எண்டிட்டுப் போறான்." அழகாக இருக்கிறது என்று ஆமிக்காரன் சொன்னதில் அவள் குரலில் கொஞ்சம் பெருமை கூட இருந்தது.

"அக்கா, அதுதான் என்ர விசா."

"எது?"

"நீங்க மினுக்கி வைச்சிருக்கிறது."

அவளுக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. விளங்கியதும் அழவில்லை. கோபப்பட்டாள். "அப்ப அதை மேசையில ஏன்ரா போட்டிட்டுப் போனனி? வயர் வைச்ச சாமானை? எனக்கு வேற என்ன செய்யத் தெரியும்? உன்னைக் கேட்டாங்கள். தம்பி எங்க எண்டு கேட்டாங்கள். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு முதல் ஸ்ரேஷனுக்கு வந்து கையெழுத்து வைக்கச் சொல்லிப்போட்டுப் போறாங்கள்."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று சொல்ல விரும்பவில்லை. எந்த ஒரு ஆளுக்காக அவள் நித்திரையை விட்டாளோ அந்த ஆள்தான் அவளைப் பார்த்துக் கத்தினான். தகடுகளை நட்சத்திரத்திலிருந்து உரித்தெடுத்தபோது பசை என் நகத்துக்குள் போனது. அக்கா மண்ணெண்ணெய்த் துணியொன்றைக் கொண்டுவந்து பசையைத் துடைத்தாள்.

வியாழக்கிழமை முழுக்கக் கறுப்பு ஸ்ப்ரே தேடி அலைந்தேன். கண்ட கடைகளில் எல்லாம் பளபளக்கும் கறுப்புத்தான் இருந்தது. காருக்கு அடிப்பது. எனக்கு வேண்டியது மினுங்காத கறுப்பு. வெள்ளி காலை வெளிக்கிடும்போது அக்கா என் பையில் ஒரு மெழுகுதிரியை வைத்தாள். கொட்டாஞ்சேனைக் கோயிலில் வாங்கி வந்தது. "அங்க கொளுத்தி வைச்சுச் செபம் சொல்லிப்போட்டுத் தொடங்கு" என்றாள். கொளுத்தினேன். செபம் சொல்லவில்லை. சுவாலைக்கு மேலே தகட்டை அசைத்து அசைத்துப் பிடித்துக் கரி பிடிக்க வைத்தேன். கம்பிகள் இல்லாததால் எல்லாவற்றையும் காமராவின் தலையில்தான் போட வேண்டியிருந்தது.

விளக்கு எரிந்து அணையத் தொடங்கியது. காமரா தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. திரையில் மஞ்சள் பூத்து, சிவந்து, தகட்டின் வழியே நடக்கத் தொடங்கியது. எனக்கு உயிர் வந்தது. ஆனால் தகட்டின் நடுவில் வேறொன்றும் தெரிந்தது. மங்கலான ஒரு சூட்டுத் திட்டு. அது அலையோடு சேர்ந்து நடக்கவில்லை. தளரவும் இல்லை. தன்பாட்டில் வந்தது, போனது, திரும்ப வந்தது. அந்தத் திட்டு வந்து போனதால் கணக்கு ஒவ்வொரு தரமும் வேறு வேறு விடை காட்டியது. தகட்டை மாற்றினேன். இரண்டாவதிலும் அந்தத் திட்டு. மூன்றாவதிலும்.

அக்கா மினுக்கியதில் தகடுகள் பழுதாகிவிட்டன என்றுதான் நினைத்தேன். உப்பு அரித்திருக்கும், ஓரிடத்தில் தேய்ந்திருக்கும். என் வெளிநாடு பழப்புளியில் கரைந்துபோனது. காமராவுக்குப் பின்னால் சன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தேன். ஸ்ரேஷனுக்கு ஆறு மணிக்குள் போக வேண்டும். கையெழுத்து வைக்கப் போன பெடியன்கள் எல்லாரும் அன்றே வீட்டுக்குத் திரும்பியதில்லை. நான்கு மணிக்குக் காமரா போய்விடும். நடந்தேன், திரையைப் பார்த்தேன், திரும்ப நடந்தேன். சேர் மூலையில் இருந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தவர், "மல்லி, உன்னைப் பார்க்க எனக்குத் தலை சுற்றுது" என்றார்.

அப்போது அக்கா போன் எடுத்தாள். ஆய்வுகூடத்துக்குள் மணி அடிக்கும், குரல் கேட்காது. நான் வெளியே ஓடி, பலாமரத்தடியில் நின்று பேசினேன்.

"முடிஞ்சுதா?"

"இல்லை."

"நேரத்துக்கு வந்திடுவாய்தானே? நானும் ஸ்ரேஷனுக்கு வாறன். வாசல்ல நிக்கிறன்."

"நீங்க வரவேண்டாம்."

"நான் வருவன்."

இப்படியே கொஞ்சநேரம் சண்டை பிடித்துவிட்டு உள்ளே வந்தேன். திரையில் ஓடிக்கொண்டிருந்த கோட்டைப் பார்த்தேன். நான் வெளியே நின்ற நேரத்துக்குரிய பகுதியில் திட்டே இல்லை. அலை சுத்தமாக எழுந்து, சுத்தமாகத் தளர்ந்து போயிருந்தது. நான் உள்ளே வந்த இடத்தில் திரும்பவும் குளறுபடி தொடங்கியிருந்தது.

கிட்டப் போய்த் தகட்டைப் பார்த்தேன். நடுவில், கரி சரியாகப் பிடிக்காத இடத்தில், செம்பு மினுங்கியது. அதில் என் முகம் தெரிந்தது.

முதலாம் வருடப் பிள்ளைகளுக்கு இதை நானே பாடம் எடுத்திருக்கிறேன். மினுங்குகிற பரப்பு முன்னால் நிற்கிற ஆளின் சூட்டைக் காட்டும், கவனம் என்று. ஆனால் நானும் ஒரு சூடான பொருள் என்ற நினைவு எனக்கு வரவில்லை. தகட்டில் ஒரு பழுதும் இல்லை. அக்காவும் ஒன்றையும் கெடுத்திருக்கவில்லை. காலையிலிருந்து நான் அளந்துகொண்டிருந்தது என்னைத்தான், சன்னலுக்கும் கதவுக்குமாக நடக்கும் என்னை.

சேருக்குச் சொன்னேன். அவர் எழும்பி வந்து, தகட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கதவைத் திறந்து பிடித்தார்.

"வெளியே போ மல்லி. நான் அசையாமல் இருப்பேன். என்னால் முடியும்."

பலாமரத்தடியில் சீமெந்துக் கட்டு ஒன்றின்மேல் இருந்தேன். உள்ளே என் வாழ்க்கையை ஒருவர் அசையாமல் இருந்து அளந்துகொண்டிருந்தார். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. நான் செய்யக்கூடிய ஒரே உதவி அங்கே இல்லாமல் இருப்பது. கால் ஆடியது. ஆடட்டும் என்று விட்டேன். சேர் தகடு மாற்ற மட்டும் என்னைக் கூப்பிட்டார். மாற்றியதும் திரும்பத் துரத்தினார். மூன்றாவது தகடு முடிந்தபோது நான்கு மணியாகிக்கொண்டிருந்தது. மூன்று கோடுகளும் பார்க்கவே ஆசையாக இருந்தன.

காமராவை ஒருகொடவத்தையில் கொடுத்துவிட்டு, சேர் காரை வெள்ளவத்தைக்கு விட்டார். நான் கேட்கவில்லை. பொலிஸ் ஸ்ரேஷன் வாசலில் அக்கா குடையோடு நின்றாள். சேர் எங்களோடு உள்ளே வந்து, வாங்கில் என் பக்கத்தில் இருந்தார். எங்கே வேலை, என்ன வேலை என்று கேட்டார்கள். சேர் சிங்களத்தில் பதில் சொன்னார். எழுதிக்கொண்டிருந்தவர் என் முழங்காலைப் பார்த்து, "ஏன் பயப்படுறாய்?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அக்கா தனக்குத் தெரிந்த சிங்களத்தில், "பயமில்லை சேர், சின்னனில இருந்தே இப்படித்தான், எவ்வளவு சொன்னாலும் கேக்கிறான் இல்லை" என்று முறைப்பாடு வைத்தாள். அவர் சிரித்துவிட்டார். கையெழுத்து வைத்துவிட்டு மூவரும் வெளியே வந்தோம். என் வாழ்க்கையில் அந்தத் தெருவைப்போல அழகான தெருவை நான் அதற்கு முன்னும் பின்னும் காணவில்லை.

என் விடைகள் பேராசிரியரின் விடைகளோடு ஒத்துப்போயின. மூன்றும் அவருடையதைவிட ஒரு துளி குறைவாக இருந்தன. அதைக் கண்டு, தகடுகளை எதனால் சுத்தம் செய்தாய் என்று கேட்டு எழுதினார். பழப்புளி என்பதை விளக்க எனக்கு ஒரு பந்தி தேவைப்பட்டது. சித்திரைக்கு முன் விசா வந்தது.

விமான நிலையத்தில் அக்கா அழவில்லை. உள்ளே போ, போ என்று கையால் தள்ளிக்கொண்டே நின்றாள். நான் திரும்பித் திரும்பிப் பார்த்தது அவளுக்குப் பிடிக்கவில்லை என்று தூரத்திலிருந்தே தெரிந்தது.

போய்ச் சேர்ந்து சில கிழமைகளுக்குப் பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்தேன். குளிரைப் பற்றிச் சொன்னேன். சமைத்துத் தின்பதைப் பற்றிச் சொன்னேன். நான் இல்லாமல் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க வாய் வரவில்லை. நித்திரை கொள்கிறீர்களா என்று கேட்டேன்.

"நீ போனாப்பிறகு நல்லா நித்திரை வருதடா" என்றாள். "கட்டில்லதான் படுக்கிறன். அந்தப் பிரம்புக் கதிரையைக் கீழ்வீட்டுக்காரருக்குக் குடுத்திட்டன். ஆர் வந்து கதவைத் தட்டினாலும் எழும்பிப்போய்த் திறக்கிறன். இனி என்ன, நீதான் இங்க இல்லையே."

சந்தோஷமாகத்தான் சொன்னாள். நானும் அதைத்தான் விரும்பினேன். இருந்தும் நான் பலாமரத்தடிக்குப் போன பிறகு திரையில் வந்த அந்தச் சுத்தமான கோடு கண்ணுக்குள் வந்தது. ஓம் அக்கா, நல்லம் அக்கா என்று சொல்லி போனை வைத்தேன்.

மேசைக்குக் கீழே கால் ஆடிக்கொண்டிருந்தது. வெகுநேரம் ஆடியது. ஆட்டாதே என்று சொல்ல அந்த அறையில் ஒருவரும் இல்லை.